எழுதப்படாத பலகை: ரோஸ்லாண்ட் திரையரங்கின் மறைக்கப்பட்ட வரலாறு



இன்று நான் பேசப்போவது ஒரு பழைய சினிமா கொட்டகையைப் பற்றி. அது நம் நாட்டில் இல்லை. கனடாவின் கிழக்குக் கோடியில் நோவா ஸ்கோஷியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே நியூ கிளாஸ்கோ என்ற சிறு நகரம். நிலக்கரியையும் இரும்பாலையையும் நம்பி வளர்ந்த ஊர். அந்த ஊரின் நடுத்தெருவில் 1910களில் எழுந்த ரோஸ்லாண்ட் திரையரங்குதான் என் பொருள்.

தலித் இலக்கிய அரங்கில் கனடா கொட்டகைக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். தீண்டாமையைப் பற்றி எழுதுகிற, பேசுகிற, வழக்குப் போடுகிற நம் எல்லோரையும் நோக்கி ஒரு கேள்வி எப்போதும் வீசப்படுகிறது: “அப்படி எங்கே எழுதியிருக்கிறது? பலகை வைத்திருக்கிறார்களா? ஆதாரம் என்ன?” எழுத்தில் இல்லாத கொடுமையை எப்படி நிறுவுவது என்பது நம் அன்றாடச் சிக்கல். அந்தச் சிக்கல் முழுமையாகத் தெரிகிற இடம் ரோஸ்லாண்ட். அங்கே பலகை இல்லை. விதி இல்லை. சட்டமும் இல்லை. ஆனால் கறுப்பின மக்கள் எங்கே உட்கார வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

1946 நவம்பர் 8

வயோலா டெஸ்மண்ட் 1914இல் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை கறுப்பினத்தவர், முடிதிருத்தும் தொழில் செய்தவர். தாய் வெள்ளையினத்தவர். வயோலா அழகுக்கலை படிக்க விரும்பினார். ஹாலிஃபாக்ஸில் இருந்த பயிற்சிப் பள்ளிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே மாண்ட்ரியலுக்கும், பிறகு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டிக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் படித்தார். ஊர் திரும்பிக் கடை வைத்தார். தன்னைச் சேர்க்காத பள்ளிகளுக்குப் பதிலாகத் தானே ஒரு பள்ளியைத் தொடங்கிக் கறுப்பினப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். தன் பெயரில் முகப்பூச்சுகளும் தயாரித்து விற்றார்.

1946 நவம்பர் 8 அன்று வியாபார வேலையாக சிட்னி என்ற ஊருக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். இது ஆஸ்திரேலியாவின் சிட்னி அல்ல; அதே மாகாணத்தில் இருக்கிற ஊர். வழியில் நியூ கிளாஸ்கோவில் வண்டி பழுதானது. சரிசெய்ய நேரமாகும் என்றார்கள். இரவு தங்கியாக வேண்டும். பொழுதுபோக ரோஸ்லாண்டுக்குப் படம் பார்க்கப் போனார். ஒலிவியா டி ஹாவிலாண்ட் நடித்த ‘தி டார்க் மிரர்’ ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒன்றைத் தலைகீழாக மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்க் கொட்டகையில் தரை டிக்கெட் ஏழைக்கு, பால்கனி வசதியுள்ளவருக்கு. ரோஸ்லாண்டில் கீழ்த்தளம் 40 சென்ட், பால்கனி 30 சென்ட். கறுப்பின மக்களுக்குப் பால்கனி. மேலே என்பதால் உயர்வில்லை. சேரி ஊருக்குக் கிழக்கே இருக்கலாம், தெற்கே இருக்கலாம். திசை எதுவானாலும் ஒதுக்கம் ஒதுக்கம்தான் என்பது நமக்குத் தெரிந்ததே.

வயோலாவுக்குக் கிட்டப்பார்வை. திரைக்கு அருகில் உட்கார விரும்பிக் கீழ்த்தளத்துக்குச் சீட்டுக் கேட்டார். சீட்டு கொடுத்தவர் எதுவும் சொல்லாமல் பால்கனிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வயோலா அதைக் கவனிக்காமல் கீழே போய் உட்கார்ந்தார். உங்கள் சீட்டு மேல்தளத்துக்கானது என்று அரங்க ஊழியர் சொன்னதும், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று எண்ணித் திரும்பிப் போய் மீதிப் பணத்தைத் தருவதாகச் சொன்னார். உங்கள் ஆட்களுக்குக் கீழ்த்தளச் சீட்டு கொடுக்க எனக்கு அனுமதி இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. அப்போதுதான் வயோலாவுக்கு விஷயம் புரிந்தது. எதுவும் பேசாமல் திரும்பிவந்து கீழ்த்தளத்து இருக்கையிலேயே உட்கார்ந்தார்.

மேலாளர் வந்தார். பிறகு காவலர் வந்தார். இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி வெளியே இழுத்துப் போனார்கள். இடுப்பில் அடிபட்டது. கைப்பையும் ஒரு காலணியும் வழியில் விழுந்தன. அன்றிரவு சிறை. விடியும்வரை வெள்ளைக் கையுறைகளை அணிந்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் மதிப்பைக் காத்துக்கொள்ள அந்த இரவில் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த நிமிர்வுதான்.

ஒரு சென்ட்

மறுநாள் காலை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். என்ன குற்றம்? கறுப்பினப் பெண் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்தார் என்று குற்றம் சாட்ட முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு சட்டமே கிடையாது. எனவே வேறொரு சட்டத்தைத் தேடிப் பிடித்தார்கள்: மாகாணத்தின் திரையரங்குக் கேளிக்கைச் சட்டம். 40 சென்ட் சீட்டில் கேளிக்கை வரி 3 சென்ட். 30 சென்ட் சீட்டில் 2 சென்ட். பால்கனிச் சீட்டை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்ததால் மாகாண அரசுக்குச் சேரவேண்டிய 1 சென்ட் வரியை ஏய்த்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

அந்த ஒரு சென்டைக் கொடுக்கத்தான் அவர் முன்வந்தார். வாங்க மறுத்தவர்கள் அவர்கள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்றோ, வாய்தா கேட்கலாம் என்றோ யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அபராதம் 20 டாலர். வழக்குச் செலவு 6 டாலர்; அது புகார் கொடுத்த மேலாளருக்குப் போனது. மொத்தம் 26 டாலர். விசாரணையில் நிறம் என்ற பேச்சே எழவில்லை. அந்தத் தீர்ப்பை மட்டும் படிக்கிறவர், யாரோ ஒரு பெண் வரி ஏய்த்தார், தண்டிக்கப்பட்டார் என்றுதான் எண்ணுவார்.

நண்பர்களே, இதை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒதுக்கல் எப்போதும் தன் சொந்தப் பெயரில் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. வரிப் பிரச்சினையாக வரும், எல்லைத் தகராறாக வரும், பொது அமைதிக்குக் குந்தகம் என்று வரும். ஆவணக் காப்பகத்தில் சாதி என்றோ நிறம் என்றோ தேடினால் எதுவும் கிடைக்காது. வேறு தலைப்புகளில் புதைந்து கிடக்கிறது நம் வரலாறு.

மேலாளர் பின்னர் செய்தித்தாளுக்குச் சொன்ன விளக்கமும் நமக்குப் பழகிய ஒன்றே. பாகுபாடு எதுவும் இல்லை, அவர்கள் பால்கனியில் சேர்ந்து உட்காருவது வழக்கம் என்றார். வழக்கம்! இந்தச் சொல்லைக் கேட்காத தலித் குடும்பம் ஏதாவது இருக்கிறதா? யார் உண்டாக்கினார்கள், எப்போது உண்டாக்கினார்கள் என்று எவரும் பொறுப்பேற்க வேண்டாத சட்டத்துக்கு வழக்கம் என்று பெயர்.

அந்த வழக்கம் எங்கே பதிவாகியிருந்தது? உள்ளூர்க்காரர்களின் உடம்பில். வயோலாவின் கணவர் ஜாக் டெஸ்மண்ட் நியூ கிளாஸ்கோவில் வளர்ந்தவர். ரோஸ்லாண்டில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த வயோலாவுக்குத் தெரியாது. தெரியாத ஒருவர் உள்ளே வந்ததால்தான் மறைந்திருந்த விதி வெளியே வந்து பேச வேண்டியதாயிற்று. பழகியவர்களின் கால்கள் தாமாகவே மேல்மாடிக்கு நடந்தவரை அந்தக் கொட்டகையில் ஒரு ‘பிரச்சினையும்’ இல்லை.

முன்பே நடந்த ஒரு போராட்டம்

வயோலா முதல் ஆளல்ல. கேரி பெஸ்ட் என்ற கறுப்பினப் பெண் நியூ கிளாஸ்கோவிலேயே பிறந்தவர். ரோஸ்லாண்டிலிருந்து கறுப்பினப் பள்ளி மாணவிகள் வெளியேற்றப்பட்டதைக் கேள்விப்பட்டு, 1941இல் தன் மகனுடன் அங்கே போய்க் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தார். அவர்களையும் காவலரைக் கொண்டு வெளியேற்றினார்கள். கேரி பெஸ்ட் திரையரங்கின்மேல் வழக்குத் தொடுத்தார். தோற்றார். யாரை உள்ளே விடுவது என்பது உரிமையாளரின் விருப்பம் என்று நீதிமன்றம் பார்த்தது.

இந்தப் பார்வைக்கு ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தின் ஆதரவும் இருந்தது. 1936இல் மாண்ட்ரியலில் ஃபிரெட் கிறிஸ்டி என்ற கறுப்பினத்தவருக்கு ஒரு மதுக்கூடத்தில் பீர் கொடுக்க மறுத்தார்கள். வழக்கு கனடா உச்ச நீதிமன்றம்வரை போனது. 1939இல் அது சொன்ன தீர்ப்பு: வணிகர் தன் விருப்பப்படி வணிகம் செய்யலாம். பிரித்துவை என்று கட்டளையிடும் சட்டம் கனடாவில் வேண்டியிருக்கவில்லை. பிரித்துவைப்பவரைத் தடுக்கச் சட்டம் இல்லாதிருந்ததே போதுமானதாக இருந்தது.

வழக்கில் தோற்ற கேரி பெஸ்ட் ஓயவில்லை. 1946இல் ‘தி கிளாரியன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் வயோலா கைதானபோது, அந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போட ஒரு பத்திரிகை தயாராக இருந்தது. 1945இல் தொடங்கிய நோவா ஸ்கோஷியா கறுப்பின முன்னேற்றச் சங்கம் வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டியது. பெர்லீன் ஆலிவரும் அவருடைய கணவரான பாதிரியார் வில்லியம் ஆலிவரும் துணை நின்றார்கள்.

1947இல் மாகாண உச்ச நீதிமன்றம் வயோலாவின் மனுவைத் தள்ளியது. மேல்முறையீட்டுக்கு உரிய வேறு வழியும் காலக்கெடுவும் இருந்தன, அவை தவறவிடப்பட்டன என்ற தொழில்நுட்பக் காரணம். அந்த அமர்விலிருந்த நீதிபதி ஹால் மட்டும் வெளிப்படையாக ஒரு ஐயத்தை எழுதிவைத்தார்: மேலாளருக்கு உண்மையில் அந்த ஒரு சென்ட் வரியைப் பற்றித்தான் கவலையா, அல்லது பொதுச்சட்டம் ஒன்றைத் தவறாகப் பயன்படுத்தி நிற ஒதுக்கலை மறைமுகமாக நடத்தும் முயற்சியா? ஐயம் எழுத்தில் நின்றது, தண்டனையும் நின்றது.

வழக்கறிஞர் பிஸெட் தன் கட்டணத்தைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தார். வயோலாவின் மணவாழ்வு முறிந்தது. கடையை மூடிவிட்டு மாண்ட்ரியலுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போனார். 1965 பிப்ரவரியில் 50 வயதில் இறந்தார். அப்போது அவர் பெயர் கனடாவின் பாடநூல் எதிலும் இல்லை.

தோற்ற வழக்கு தந்த ஆவணம்

பிறகு ரோஸ்லாண்டில் சினிமா நின்றது. கட்டடம் வேறு பயன்பாடுகளுக்கு மாறியது. தெருவில் போகிறவருக்கு அது ஒரு பழைய கட்டடம், அவ்வளவுதான். அதன் கடந்த காலம் எப்படி வெளியே வந்தது?

இரண்டு பெண்கள் வழியாக வந்தது. ஒருவர் சட்ட வரலாற்று ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் பேக்ஹவுஸ். அவர் பழைய வழக்குக் கட்டுகளைத் தேடியெடுத்து 1994இல் ஒரு கட்டுரையும், 1999இல் கனடா சட்டத்தில் நிறவெறியின் வரலாறு பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இன்னொருவர் வயோலாவின் தங்கை வாண்டா ராப்சன். அக்காள் சிறைக்குப் போனதை நெடுங்காலம் குடும்பத்துக்கு வந்த அவமானமாகவே எண்ணியிருந்தவர். எழுபது வயதைக் கடந்து பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தபோது, வகுப்பில் காட்டிய படம் ஒன்றில் தன் அக்காளின் முகத்தைக் கண்டார். அதன் பிறகு ஊர் ஊராகப் போய் அந்தக் கதையைச் சொன்னார்.

வயோலா அந்த 26 டாலரைக் கட்டிவிட்டு அமைதியாக ஊர் திரும்பியிருந்தால் எதுவும் எஞ்சியிருக்காது. அவர் மேல்முறையீடு செய்ததால் பிரமாண வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. சீட்டு கொடுத்தவர் சொன்ன சொல், இழுத்துப் போன விதம், 2 சென்ட் 3 சென்ட் கணக்கு எல்லாம் காகிதத்தில் ஏறின. தீர்ப்பு என்ற அளவில் அந்த வழக்கு தோற்றது. சாட்சியம் என்ற அளவில் ஐம்பது ஆண்டுகள் கழித்து வென்றது. நம் ஊர்களில் தோற்றுப்போன வன்கொடுமை வழக்குகளின் கட்டுகளை ‘தோற்றதுதானே’ என்று தூக்கிப் போடாதீர்கள். நாளைய வரலாற்றாசிரியருக்கு அதுவே முதல் ஆவணம்.

2010 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா அரசு வயோலாவிடம் மன்னிப்புக் கேட்டது. அத்துடன் அவருக்குப் பொதுமன்னிப்பும் வழங்கியது. கையெழுத்திட்டவர் அம்மாகாணத்தின் முதல் கறுப்பின ஆளுநரான மாயான் ஃபிரான்சிஸ். குற்றமே செய்யாதவருக்கு எதற்கு மன்னிப்பு என்று நாம் கேட்கலாம். அதனால்தான், இது தண்டனையே தவறு என்று ஏற்கும் வகை மன்னிப்பு என்று விளக்கினார்கள். 2018 நவம்பரில் வயோலாவின் முகம் கனடாவின் 10 டாலர் தாளில் வந்தது. அந்த நாட்டின் வழக்கமான பணத்தாளில் அரச குடும்பத்தைச் சேராத ஒரு பெண் தனித்து இடம்பெற்றது அதுவே முதல்முறை. அவரைக் குற்றவாளியாக்கிய ஒரு சென்ட் நாணயமோ 2013லேயே புழக்கத்துக்கு விடப்படுவது நின்றுபோயிருந்தது. 2021இல், ஒரு பள்ளி மாணவி எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, அபராதத் தொகையையும் இன்றைய மதிப்பில் திருப்பித் தந்தார்கள்.

இவரைக் ‘கனடாவின் ரோசா பார்க்ஸ்’ என்று அழைக்கிறார்கள். ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழ மறுத்தது 1955இல். வயோலா ஒன்பது ஆண்டுகள் முந்தியவர். முன்னே நடந்தவருக்குப் பின்னே வந்தவரின் பெயரைச் சூட்ட வேண்டியிருக்கிறது என்பதிலேயே மறைப்பின் ஆழம் தெரிகிறது.

‘திரையரங்கு’ என்ற சொல்

இனி இந்தக் கதைக்கும் நமக்கும் உள்ள உறவு. அது வெறும் ஒப்புமை அல்ல. சட்ட வரலாற்றில் ஓடுகிற ஒரே கயிறு.

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தபின் 1875இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. விடுதிகள், பொது வாகனங்கள், திரையரங்குகள், இதர கேளிக்கை இடங்கள் எல்லோருக்கும் சமம் என்றது. 1883இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அப்போது நீதிமன்றத்தின் முன் இருந்த வழக்குகளில் நாடக அரங்குகளில் கறுப்பினத்தவரை அனுமதிக்காத வழக்குகளும் அடங்கும்.

சொந்த நாட்டில் செத்துப்போன அந்தச் சட்டத்தை உயிர்ப்பித்து எடுத்துவந்தவர் அண்ணல் அம்பேத்கர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கான பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். விடுதி, பள்ளி, சாலை, குளம், கிணறு, வாகனம், திரையரங்கு ஆகியவற்றில் ஒருவருக்கு உரிமையை மறுப்பவருக்குச் சிறைத்தண்டனை வேண்டும் என்றது அத்திட்டம். கறுப்பின மக்களுக்காக இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டங்களே அதற்கு முன்மாதிரி என்பதும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. 1946 ஜூலையில் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்திலும், தீண்டத்தகாதோர் நிலைக்கும் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். அதே ஆண்டு நவம்பரில் வயோலா கைதானார். அடுத்த மாதம் 9ஆம் தேதி நம் அரசியல் நிர்ணய சபை கூடியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் பிரிவில், கடைகள், உணவகங்கள், விடுதிகளோடு பொதுக் கேளிக்கை இடங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று எழுதப்பட்டது. நோவா ஸ்கோஷியாவில் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1959இல்தான் வந்தது.

நம் முன்னோர் ‘திரையரங்கு’ என்ற சொல்லை அந்தப் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள்? குடிநீரும் பாதையும் உயிர்வாழத் தேவை, சினிமா அப்படியா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பி.கே. ரோசியை நினைத்துப் பாருங்கள். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமார’னில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண். திருவனந்தபுரத்தில் தான் நடித்த படத்தின் முதல் காட்சியிலேயே அவரை உட்கார விடவில்லை. ஆதிக்க சாதியினரின் தாக்குதலுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர், நம் நாகர்கோவிலில் ராஜம்மாளாகத் தன் அடையாளத்தை மறைத்து வாழ்ந்து மடிந்தார் என்கிறார்கள். இருட்டில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து, ஒரே நேரத்தில் சிரித்து அழுகிற இடம் கொட்டகை. சமமாக உட்காருவதை ஒரு சமூகம் பழகுகிற இடம் அது. அதனால்தான் அங்கே அத்தனை காவல்.

கட்டடங்களைக் கேட்போம்

அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் லிரிக் என்று 1914ஆம் ஆண்டுத் திரையரங்கு ஒன்று உண்டு. கறுப்பின மக்களுக்கான தனி வாசல் என்று அதன் முகப்பில் பொறித்திருந்தார்கள். 2016இல் புதுப்பித்துத் திறந்தபோது அந்த எழுத்தை அழிக்கவில்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். அழகுபடுத்துவதைவிட அது பெரிய வேலை. ரோஸ்லாண்டில் அழிக்கக்கூட எழுத்து இல்லை. அதனால் அங்கே வழக்குக் கட்டும், பழைய பத்திரிகையும், ஒரு தங்கையின் நினைவும் சேர்ந்துதான் அந்தப் பலகையை எழுத வேண்டியிருந்தது.

நம் சிற்றூர்க் கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் கிடங்காகவும் மாறிவருகின்றன. இடிபடும்போது, எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று ஏக்கத்தோடு எழுதுகிறோம். எழுதுங்கள், தவறில்லை. கூடவே இன்னும் சில கேள்விகளையும் கேளுங்கள். எத்தனை வாசல்? சேரியிலிருந்து வந்தவர் எந்த வரிசையில் உட்கார்ந்தார்? இடைவேளையில் யாருக்கு எந்தக் குவளையில் டீ? கழுவிப் பெருக்கியவர் யார், அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லக்கூடிய நம் பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் மிஞ்சுவது வழக்கம் என்ற ஒற்றைச் சொல்தான்.

ஆகவே இந்த அவையில் இருக்கும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்வது இதுவே: உங்கள் ஊரின் பழைய கொட்டகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய், முதியவர் ஒருவரிடம் “அங்கே நீங்க எங்க உட்காருவீங்க?” என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்னபடியே, ஊர்ப் பெயரும் ஆண்டும் சேர்த்து எழுதிவையுங்கள். ‘எங்கே எழுதியிருக்கிறது’ என்று கேட்பவர்களுக்குக் காட்ட அந்த நோட்டு நம் கையில் இருக்கட்டும்.

ஜெய் பீம்.